மொட்டை மாடியைப் பாருங்க, அப்புறம் ஏசி வாங்குங்க

ஹாஸ்டல்ல மேல் மாடியில ரூம் கிடைச்சவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே புரியும். ஏப்ரல் மாசம், ராத்திரி பத்து மணி. மெஸ்ல சாப்பிட்டுட்டு வராந்தாவுல நிக்கிறப்போ காத்து பரவாயில்லாம இருக்கும். ரூமுக்குள்ள வந்து ஃபேனைப் போட்டா, அடுப்படியில நிக்கிற மாதிரி மேலேருந்து சூடு இறங்கும். கீழ் மாடி நண்பன் போர்வை போத்தித் தூங்குவான். நீங்க தரையில தண்ணி ஊத்தி, ஈரத் துண்டோட படுத்திருப்பீங்க.

ஒரே பில்டிங், ஒரே ஊர், ஒரே வெயில். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். உங்க தலைக்கு மேல இருக்கிற கான்கிரீட் நேரா வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. அவன் தலைக்கு மேல நீங்க இருக்கீங்க.

இதை அனுபவிக்காதவங்க நம்மள்ல குறைவு. ஆனா வீட்டுல சூடு தாங்கலைன்னு பேச்சு வந்தா, நம்ம வாயிலிருந்து வர்ற முதல் வார்த்தை "ஏசி". கூரையைப் பத்தி யாரும் பேசறதில்லை. ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்துல பாஸ் பண்ணின நாமளும் பேசறதில்லை. அதுதான் என்னோட ஆதங்கம்.

எங்க வீட்டுக் கதை

எங்க ஊர் வேலூர். வெயிலைப் பத்தி அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. நாங்க வாடகைக்கு இருக்கிறது இரண்டாவது மாடியில. அதுக்கு மேல மொட்டை மாடிதான். கீழ் போர்ஷனைவிட வாடகை கம்மின்னு வந்தோம். ஏன் கம்மின்னு முதல் கோடையிலேயே தெரிஞ்சுபோச்சு.

அம்மா வீட்டுலயே தையல் மெஷின் வச்சு பிளவுஸ் தைக்கிறாங்க. மே மாசம் மதியம் பன்னிரண்டுக்கு மேல மெஷினை மாடிப்படி திருப்பத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அங்கதான் கொஞ்சம் நிழல். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ள கொண்டு வந்தா, அப்பதான் வீட்டுக்குள்ள சூடு உச்சத்துல இருக்கும். வேலை பாதிதான் நடக்கும். சூடுன்னா வெறும் அசௌகரியம்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன். எங்க வீட்டுல அது வருமானக் கணக்கு.

போன வருஷம் அப்பா இ.எம்.ஐ. போட்டு ஒரு டன் ஏசி வாங்கினார். பத்துக்குப் பன்னிரண்டு ரூம்தான், தாராளமா போதும்னு கடையில சொன்னாங்க. ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டா பன்னிரண்டு மணி வரைக்கும் குளிரவே குளிராது. மெக்கானிக் வந்து கேஸ் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு பார்த்துட்டு, "ஒன்றரை டன் போட்டிருக்கணும் சார்" அப்படின்னு சொல்லிட்டுப் போனார். ரெண்டு மாச கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டுச்சு. தாண்டினா கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்லாம, கீழ் ஸ்லாப்புக்கும் சேர்த்து ரேட் ஏறும்ங்கிறது தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச கணக்கு. அம்மா அதுக்கப்புறம் ஏசி ரிமோட்டை பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க.

லீவுக்குப் போனப்போ எனக்கு உறுத்தினது இதுதான்: அந்த ஏசி யாரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கு?

கணக்கு போட்டுப் பார்ப்போம்

பயப்படாதீங்க, ரெண்டாவது வருஷக் கணக்குதான்.

5 அங்குல ஆர்சிசி ஸ்லாப், கீழே பூச்சு, மேல ஒண்ணும் இல்லை. ரெண்டு பக்கத்துக் காத்துப் படலத்தையும் சேர்த்தா, அதோட யு-வேல்யூ சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 3 வாட்டுக்கு மேல வரும். கான்கிரீட் பலமான பொருள். ஆனா வெப்பத்தைத் தடுக்கிறதுல ரொம்ப சாது, யார் வந்தாலும் உள்ள விட்டுடும்.

வெளியில 37 டிகிரி. நல்ல மதிய வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட் அளவுக்கு இறங்குது. சாம்பல் நிற சிமெண்ட் தளம் அதுல பாதிக்கு மேல உறிஞ்சிடும். அதனால அந்தக் கூரையைப் பொறுத்தவரைக்கும் வெளி வெப்பநிலை 37 இல்லை, கிட்டத்தட்ட 60 டிகிரி. வெறுங்காலோட மதியம் துணி எடுக்க மாடிக்குப் போன எல்லாருக்கும் இது தெரியும்.

உள்ள 30 டிகிரின்னு வச்சு, பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்குப் பெருக்கினா, கூரை வழியா மட்டும் உள்ள வர்ற வெப்பம் சுமார் 1,150 வாட். ஒரு டன் ஏசியோட மொத்தக் குளிரூட்டும் திறனே சுமார் 3,500 வாட்தான். அதாவது, வாங்கின ஏசியில மூணுல ஒரு பங்கு கூரையோட மல்லுக்கட்டவே போயிடும்.

இது தோராயக் கணக்கு. நிஜத்துல கான்கிரீட் வெப்பத்தை உடனே விடாது. தனக்குள்ள சேமிச்சு வச்சு, நாலு மணி நேரம் போலத் தாமதமா கீழே அனுப்பும். அதனால உச்சம் கொஞ்சம் மழுங்கும், ஆனா நேரம் தள்ளிப்போகும். மதியம் வாங்கின வெயிலைத்தான் சாயங்காலத்துல இருந்து ராத்திரி வரைக்கும் தவணை முறையில திருப்பித் தருது. பத்து மணிக்கு ஃபேன் போட்டா ஏன் சுடுதுன்னு இப்போ புரியுதா? சீலிங்கை ஒட்டி நிக்கிற சூடான காத்தைத்தான் ஃபேன் நம்ம மேல தள்ளுது.

கம்பி நீட்டிக்கிட்டு நிக்கிற வீடுகள்

நம்ம தாத்தா காலத்துல தளம் போட்டா அதோட விட மாட்டாங்க. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால அடிச்சு இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி தெளிச்சு, அதுக்கு மேல தட்டோடு பதிப்பாங்க. மழைத்தண்ணி வடியறதுக்குத்தான் முதல்ல அது. ஆனா செங்கல் ஜல்லி, கான்கிரீட்டைவிட வெப்பத்தைக் குறைவா கடத்தும்ங்கிறதால வீட்டையும் ஓரளவு காப்பாத்துச்சு.

இப்போ? உங்க தெருவுல மாடிகளைப் பாருங்க. நாலு மூலையிலயும் தூண் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். "அடுத்த மாடி எடுக்கப்போறோம், இப்ப எதுக்கு மேல செலவு பண்ணணும்?" அந்த அடுத்த மாடி பத்து வருஷம் ஆனாலும் வராது. கம்பி துருப்பிடிக்கும். வெறும் ஸ்லாப் வெயில்ல காயும். கட்டும்போது தரைக்குக் கிரானைட், வாசலுக்குத் தேக்குக் கதவு, முகப்புக்கு எலிவேஷன்னு லட்சக்கணக்குல செலவு பண்ற நாம, வெயிலை நேரா வாங்குற ஒரே பகுதியைத் தற்காலிகம்னு விட்டுடறோம்.

முதல் மருந்து: வெள்ளை

ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்ல இருக்கிற இன்ஃப்ராரெட் வெப்பமானியை லேப் அண்ணாகிட்ட கெஞ்சி ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி ஏழு மணிக்கு சீலிங் 41 டிகிரி. வெளியில காத்து 34. எங்க தலைக்கு மேல ஒரு பெரிய தோசைக்கல் எரியுதுன்னு அம்மாவுக்குக் காட்டினேன்.

ஹவுஸ் ஓனர்கிட்ட பேசினோம். "நீங்க குடியிருக்கீங்க, நான் எதுக்கு தம்பி செலவு பண்ணணும்?"னு கேட்டார். அப்புறம் சுண்ணாம்புக்கும் பசைக்கும் அவர் காசு, வேலை எங்களோடதுன்னு முடிவாச்சு. மாடியைக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு, நானும் தம்பியும் ரெண்டு கோட் அடிச்சோம். ஒரே ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு கண்ணுல பட்டா விளையாட்டில்லை. கண்ணாடி, கையுறை இல்லாம தொடாதீங்க. வெள்ளை பூசின தரையில மதியம் கண்ணும் கூசும். காலையில சீக்கிரம் ஆரம்பிங்க.

அடுத்த வாரம் கிட்டத்தட்ட அதே மாதிரி வெயில் நாள்ல, அதே ஏழு மணிக்கு சீலிங் 36. ஒரு வீடு, ரெண்டு அளவு. இதை வச்சு நான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது. ஆனா கணக்கும் இதையேதான் சொல்லுது: வெள்ளைத் தளம் வெயில்ல பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடறதால, 1,150 வாட் சுமார் 500 வாட்டா குறையும். அம்மா இப்போ மெஷினை மாடிப்படிக்குத் தூக்கறதில்லை. எனக்கு அந்த ஒரு ரிசல்ட் போதும்.

இதுக்கும் குறை உண்டு. சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்துல கரையும். தூசி படிஞ்சா வெள்ளை மங்கி, பலனும் குறையும். கடையில கிடைக்கிற கூல் ரூஃப் பெயிண்ட் கூடுதல் நாள் உழைக்கும், விலையும் கூடுதல். எதுவா இருந்தாலும் கோடைக்கு முன்னாடி ஒருதடவை கழுவணும்.

இரண்டாவது மருந்து: இன்சுலேஷன்

வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். இன்சுலேஷன் மிச்சத்தை வழியிலேயே நிறுத்தும். ரெண்டும் வேற வேற வேலை.

ஸ்லாப்புக்கு மேல 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை போட்டு, வாட்டர்ப்ரூஃபிங் செஞ்சு, மேல சிமெண்ட் தளமும் வெள்ளை டைல்ஸும் பதிச்சா, யு-வேல்யூ 3-லிருந்து 0.9-க்கும் கீழே இறங்கும். எங்க ரூம் கணக்குல, முதல்ல இருந்த 1,150 வாட், 140 வாட் அளவுக்கு வந்துடும். அப்புறம் ஒரு டன் ஏசியே தாராளம். சில நாள் ஃபேனே போதும்.

இங்க ஒரு விஷயம் முக்கியம். இன்சுலேஷன் ஸ்லாப்புக்கு மேல இருக்கணும். கீழே ஃபால்ஸ் சீலிங்ல தெர்மாகோல் ஒட்டினா பலன் இல்லாம இல்லை. ஆனா ஸ்லாப் தினமும் வெந்து, விரிஞ்சு சுருங்கி, விரிசல் விடறது நிக்காது. அதோட, மூடாத தெர்மாகோல் தீப்பிடிச்சா வேகமா எரியும், புகையும் மோசம். படுக்கிற ரூம்ல அதைச் செய்யாதீங்க.

ஏசி இல்லாத வீட்டுக்கு இன்னொரு விதி: ராத்திரி ஜன்னலைத் திறங்க. ஆளுங்க, அடுப்பு, டிவி எல்லாம் சேர்த்து உள்ள உண்டாகிற சூட்டையும் இன்சுலேஷன் சுலபமா வெளிய விடாது. குளிர்ந்த ராத்திரிக் காத்துதான் அதை வெளியேத்தணும்.

காத்து ஒழுகுற ஓட்டைகள்

குளிர் நாடுகள்ல வீட்டுல இண்டு இடுக்கு இல்லாம அடைக்கிறது தனித் தொழில். அதை அப்படியே இங்க கொண்டு வந்தா தப்பாயிடும். ஏசி இல்லாத ரூமுக்குக் காத்தோட்டம்தான் உயிர். அதை அடைக்காதீங்க.

ஆனா ஏசி போட்ட ரூம் வேற. அதுவும் சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல. 33 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் இருக்கிற வெளிக்காத்து, கதவுக்கு அடியில, ஸ்லைடிங் ஜன்னல் ஓரத்துல, ஏசி பைப் போற துளையில நுழையுது. ஒரு மணி நேரத்துல ரூம் காத்து ஒருதடவை முழுசா மாறுதுன்னு வச்சா, அந்தக் காத்தைக் காயவைக்க மட்டும் ஏசி மணிக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணியைப் பிரிச்சு எடுக்கணும். வெளியில பக்கெட்ல சொட்டுற தண்ணியில ஒரு பங்கு இதுதான். அதுக்குச் செலவாகிறது 300 வாட்டுக்கு மேல குளிரூட்டும் திறன்.

மருந்து ரொம்ப மலிவு. கதவுக்கு அடியில ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்துல பிரஷ் பட்டை, பைப் துளைக்கு சீலன்ட், எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத் தானா மூடற ஷட்டர். ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. ஆனா நாலு பேர் படுக்கிற ரூமை முழுசா அடைச்சுட்டுத் தூங்காதீங்க. படுக்கறதுக்கு முன்னாடியும் எழுந்ததும் திறந்துவிட்டு நல்ல காத்து உள்ள வரவிடுங்க. கேஸ் அடுப்பு இருக்கிற இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீங்க.

கொட்டேஷன் கொடுக்க வர்றவங்ககிட்ட

இப்போ ஹீட் ப்ரூஃபிங் பண்ணித் தர்றோம்னு நிறைய பேர் வர்றாங்க. எங்க பக்கத்துத் தெருவுக்கு வந்த ஒருத்தர் "பதினைஞ்சு டிகிரி குறையும், கேரண்டி" அப்படின்னார். எது குறையும்னு கேட்டா பதில் இல்லை. தளத்தோட மேற்பரப்பு பதினைஞ்சு குறையலாம். ரூம் காத்து அவ்வளவு குறையாது. உங்க வீட்டுல யாராவது காசு கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க கேட்க வேண்டியது நாலே கேள்வி:

என்ன பொருள், எத்தனை மி.மீ., அதோட வெப்பக் கடத்துத்திறன் எவ்வளவு? குறையும்னு சொல்ற டிகிரி எந்த இடத்துல, எந்த நேரத்துல அளந்தது? வாட்டர்ப்ரூஃபிங் அதுக்கு மேலயா கீழயா, ஒழுகினா யார் பொறுப்பு? ஃபோம் அடிக்கிறதா இருந்தா, வெயில்ல உதிராம இருக்க மேல என்ன மூடுவீங்க?

டேட்டா ஷீட் காட்டத் தெரியாதவங்ககிட்ட வேலை கொடுக்காதீங்க. அந்த ஷீட்டைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் உங்க வீட்டுல நீங்கதான்.

யார் கூரை, யார் காசு?

"இது தனிமனுஷன் பார்த்துக்க வேண்டிய விஷயம்தானே?"ன்னு கேட்கலாம். பாதிதான் சரி.

மத்திய அரசோட எகோ நிவாஸ் சம்ஹிதா 2018-ல வந்தது. வீட்டுக் கூரையோட யு-வேல்யூ 1.2-ஐத் தாண்டக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. நம்ம வெறும் ஸ்லாப் அதைப்போல ரெண்டரை மடங்குக்கு மேல. ஆனா அந்த விதி 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கிற மனைகளுக்குத்தான். ஒரு கிரவுண்டு என்பது சுமார் 223 சதுர மீட்டர். நம்ம வீடுகள்ல பெரும்பாலானது அந்த வாசலுக்கே போகாது. தெலங்கானா 2023-ல கூல் ரூஃப்புக்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்துச்சு. தமிழ்நாடு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சு, இறந்தவங்க குடும்பத்துக்கு நிவாரணம்னு சொல்லியிருக்கு. நல்ல விஷயம். ஆனா இறந்தபிறகு கிடைக்கிற நிவாரணத்துக்கு முன்னாடி, உயிரோட இருக்கிறவங்க தலைக்கு மேல இருக்கிற கூரையைப் பார்க்க வேண்டாமா?

வாடகை வீட்டுல சிக்கல் இன்னும் மோசம். கூரை ஓனரோடது, கரண்ட் பில் குடியிருக்கிறவரோடது. கூரையைச் சரிபண்றவருக்கு லாபம் இல்லை, லாபம் கிடைக்கிறவருக்குக் கூரை மேல உரிமை இல்லை. அதனால யாரும் தொட மாட்டாங்க. தகர ஷீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில இருக்கிறவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு ஏசியும் இல்லை, ஸ்லாப்பும் இல்லை.

"எல்லாரும் ஏசி வாங்கற காலம் இது, அதைத் தடுக்கறியா?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். இல்லைடா. எங்க வீட்டு ஏசி இன்னும் இருக்கு, இ.எம்.ஐ.யும் இன்னும் போகுது. வயசானவங்க, குழந்தைங்க இருக்கிற வீட்டுல மே மாசத்துல ஏசி ஆடம்பரம் இல்லை. நான் சொல்றது வரிசை. முதல்ல நிழல், அப்புறம் வெள்ளை, அப்புறம் இன்சுலேஷன், அப்புறம் ஓட்டை அடைப்பு, கடைசியில ஏசி. நாம தலைகீழா ஆரம்பிக்கிறோம். வெப்பத்தை முழுசா உள்ள விட்டுட்டு, காசு கொடுத்து வெளிய தள்ளறோம். அந்த ஏசியோட வெளி யூனிட் தள்ளற சூடு, ஏசி இல்லாத பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் போகுது.

அதனால ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் நாம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையறோம். நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடி சும்மாதான் கிடக்கு. பாதித் தளத்துக்கு வெள்ளை அடிச்சு, பாதியை அப்படியே விட்டு, கீழே இருக்கிற ரூம்கள்ல பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் சீலிங் வெப்பநிலையை எடுப்போம். சிவில், மெக்கானிக்கல், ஈ.சி.ஈ. மூணு டிபார்ட்மெண்ட்டுக்கும் அதுல வேலை இருக்கு. அந்த அளவுகளைக் கையில வச்சுக்கிட்டு வார்டன் சார்கிட்ட போனா, "சூடா இருக்கு சார்"னு புலம்பறதைவிட மரியாதையா கேட்பார்.

ஆர்வம் இருக்கிறவங்க எங்க ரூமுக்கு வாங்க. மேல் மாடி, கடைசி ரூம். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் முழிச்சுத்தான் இருப்போம்.